ஐம்பதில் திறக்கும் கதவும் எழுபதில் சாத்தப்படும் கதவும்

பணி ஓய்வு பெற்றபின் அயல்நாடொன்றில் குடியிருக்க விரும்பும் ஒருவருக்கு இரண்டு தனித்தனி அனுமதிகள் தேவைப்படுகின்றன. ஒன்றை அந்நாட்டு அரசு விசாவாக வழங்குகிறது. மற்றொன்றைக் காப்பீட்டு நிறுவனம் பாலிசியாக வழங்குகிறது. முன்னதைப் பற்றித் தரகர்கள் விரிவாகப் பேசுவதும், பின்னதை விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய காகிதங்களுள் ஒன்றாகக் கருதிக் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் இவ்விரு அனுமதிகளும் வயதை நோக்கும் முறை ஒன்றுக்கொன்று நேர்மாறானது. ஓய்வுக்கால விசா ஒருவரை ஐம்பது வயது நிறையும்வரை வாசலில் நிறுத்திவைத்து, அதன்பின் எத்தனை வயதானாலும் உள்ளே விடுகிறது. காப்பீடோ ஐம்பதைக் கடந்தவரிடம் ஆண்டுதோறும் பிரீமியத்தை உயர்த்தி, உடலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி, எழுபதை ஒட்டிய வயதில் புதிதாக வருவோருக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. இந்த முரணை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு தாய்லாந்து.

ஓய்வு பெற்ற வெளிநாட்டவரைத் தாய்லாந்து ஈர்க்கத் தொடங்கியதற்குப் போரும் ஒரு காரணம், பொருளாதாரமும் ஒரு காரணம். வியட்நாம் போரின்போது உடோன் தானி, உ-தபாவ் போன்ற இடங்களில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இயங்கின. விடுப்பில் வந்த படைவீரர்களால் பட்டாயா என்னும் மீனவச் சிற்றூர் கடற்கரை நகரமாக வளர்ந்தது. அவ்வீரர்களுள் சிலர் முதுமையில் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து குடியேறினர். மறுபுறம் ஜப்பான், 1986-இல் தன் வணிக, தொழில்துறை அமைச்சகத்தின் வழியாக 'சில்வர் கொலம்பியா' என்னும் திட்டத்தை முன்வைத்து, ஓய்வூதியம் பெறுவோர் வாழ்க்கைச் செலவு குறைந்த, வெயில் மிகுந்த நாடுகளில் சென்று வாழலாம் என்று ஊக்குவித்தது. முதியோரையே ஏற்றுமதிச் சரக்காக்குவதா என்ற கண்டனம் எழுந்ததால் அத்திட்டம் அவ்வடிவில் நிலைக்கவில்லையெனினும், சுற்றுலாவுக்கும் குடியேற்றத்துக்கும் இடைப்பட்ட நெடுநாள் தங்கலைக் குறிக்க ஜப்பானியர் கையாண்ட 'லாங் ஸ்டே' என்ற சொல் கிழக்காசியாவில் வேரூன்றிவிட்டது. இன்று தாய்லாந்தின் ஓ-ஏ விசாவுக்கு அடைப்புக்குறிக்குள் வழங்கும் பெயரும் அதுவே.

அந்த விசாவின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தாய்லாந்தில் ஓய்வு பெற்றவர் தங்குவதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது ஓ-ஏ விசா. இதைச் சொந்த நாட்டில் இருக்கும்போதே தூதரகத்தின் வழியாகப் பெறவேண்டும். வயது ஐம்பது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும், தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப்பழக்கம், மூன்றாம் நிலை மேகப்புண் ஆகியவை இல்லை என்ற மருத்துவச் சான்றும் இணைக்கப்படவேண்டும். ஒரு நாடு எந்த நோய்களுக்கு அஞ்சுகிறது என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. முதியோரை உண்மையில் மருத்துவமனைக்கு அனுப்பும் இதயநோய், சர்க்கரை, பக்கவாதம் ஆகிய எதுவும் அதில் இல்லை. இரண்டாவது வழி ஓ விசா. தொடக்கத்தில் 90 நாள் மட்டுமே தங்க இசைவு தரும் இதனுடன் உள்ளே வந்தபின், உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்புக் கேட்டுப் பெற்று, அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இவ்விரண்டிலும் பண நிபந்தனை ஏறத்தாழ ஒன்றே: வங்கியில் 8,00,000 பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8,00,000 பாட் என்ற கணக்கு. நெடுங்காலம் இந்நிபந்தனை எளிதாக நிறைவேற்றப்பட்டு வந்தது. புதுப்பிக்கும் வாரத்தில் கடன் வாங்கியேனும் கணக்கில் பணத்தைக் காட்டிவிட்டு மறுவாரம் எடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. 2019-இல் வெளியான ஆணை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உள்நாட்டில் நீட்டிப்புக் கேட்பவரின் கணக்கில் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னரும், இசைவு கிடைத்து மூன்று மாதம் வரையிலும் எட்டு லட்சம் முழுமையாக இருக்கவேண்டும். எஞ்சிய காலத்தில் அது நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அதே ஆண்டின் தொடக்கத்தில், தங்கள் குடிமக்களின் வருமானத்துக்குச் சான்று வழங்கி வந்த பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் தூதரகங்கள் அதை நிறுத்திக்கொண்டன. குடிமகன் தன் வருமானம் என்று சொன்னதை எழுதிக் கொடுக்க முடியுமேயன்றி, அது உண்மைதானா என்று சரிபார்த்துப் பொறுப்பேற்க முடியாது என்பது அவற்றின் நிலைப்பாடு. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுள் பலர் இதனால் ஒரே ஆண்டில் வைப்புத்தொகை வழிக்கு மாறவேண்டியதாயிற்று.

இந்த எட்டு லட்சத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. நோய் வந்தால் எடுத்துச் செலவழிக்கலாம் என்ற நம்பிக்கையில், காப்பீடே வாங்காமல் இதையே மருத்துவ நிதியாகக் கருதுவோர் உண்டு. மேற்சொன்ன ஆணையின்படி ஆண்டில் ஐந்து மாதம் இப்பணத்தில் ஒரு பாட்டையும் தொட முடியாது. எஞ்சிய ஏழு மாதங்களில் பாதியைத் தொடலாம். மறுபாதியை எந்நாளும் தொட முடியாது. தொட்டால் நோய் தீர்ந்தாலும் விசா தீர்ந்துபோகும். அரசின் நோக்கில் அது வெளிநாட்டவர் நாட்டின்மேல் பாரமாகிவிடாதிருக்க வைத்த பிணைப்பணம்.

இவற்றோடு சிறுசிறு கடமைகளும் தொடர்கின்றன. 90 நாளுக்கு ஒருமுறை தங்கியிருக்கும் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தனியே அறிக்கை தரவேண்டும். நீட்டிப்பில் இருப்பவர் மறுநுழைவு இசைவு பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால், ஓராண்டு இசைவும் அந்த விமானத்தோடு போய்விடும். மறுநுழைவு இசைவு ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். உறவினர் சாவுக்கு அவசரமாக ஊர் திரும்பியவர்கள் இதை மறந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது அரிதன்று. ஓய்வு விசாவில் இருப்பவர் ஊதிய வேலை பார்ப்பதற்கும் தடை உண்டு.

காப்பீடு சட்டத்துக்குள் வந்த விதம்

தாய்லாந்தின் பொது மருத்துவ ஏற்பாடு வளரும் நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுவது. 2002-இல் இயற்றப்பட்ட தேசிய நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 'முப்பது பாட் திட்டம்' என்று மக்கள் அழைக்கும் ஏற்பாட்டினால், குடிமக்கள் பெயரளவுக் கட்டணத்தில் சிகிச்சை பெறுகின்றனர். இத்திட்டம் ஓய்வு விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டவருக்கு உரியதன்று. அவர் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். ஆனால் 2019-இல் வகுக்கப்பட்ட கட்டண அட்டவணை, நோயாளிகளை அவர்களின் குடியுரிமையையும் விசா வகையையும் பார்த்துப் பிரித்து, ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிட உயர்ந்த கட்டணத்தை விதிக்கிறது. தனியார் மருத்துவமனைகளின் தரமும் விலையும் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. பாங்காக்கின் பும்ருங்ராட் மருத்துவமனை 2002-இல் ஆசியாவிலேயே முதலாவதாக ஜேசிஐ என்னும் பன்னாட்டுத் தரச்சான்றைப் பெற்றது. மருத்துவச் சுற்றுலாவைக் கருதி வளர்ந்த அத்தகைய மருத்துவமனைகள், நோயாளியைப் படுக்கையில் சேர்க்கும்போதே முன்பணத்தையோ காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதத்தையோ கேட்கின்றன.

பணமும் காப்பீடும் இல்லாத வெளிநாட்டவர் விட்டுச்செல்லும் கட்டண நிலுவை, அரசு மருத்துவமனைகளின் நெடுநாள் குறையாக இருந்து வந்தது. அதன் விளைவாக 2019 அக்டோபர் 31 முதல் ஓ-ஏ விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. உள்நோயாளிச் சிகிச்சைக்கு, அதாவது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு, ஆண்டுக்கு 4,00,000 பாட்டும், புறநோயாளிச் சிகிச்சைக்கு 40,000 பாட்டும் குறைந்த அளவாக விதிக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவர் அனைவரிடமும் 1,00,000 டாலர் அளவுக்குக் காப்பீடு கேட்கப்பட்டபின், 2021-இல் ஓ-ஏ விசாவுக்கான அளவும் அதற்கு இணையாக 30,00,000 பாட்டாக உயர்ந்தது. பின்னர் 2024 மே 28 அன்று அமைச்சரவை அறிவித்த விசா மாற்றங்களுள், இதைப் பழைய 4,00,000 மற்றும் 40,000 பாட் அளவுக்கே இறக்குவதும் ஒன்றாக இடம்பெற்றது. ஐந்தாண்டுக்குள் ஒரு நிபந்தனை ஏழு மடங்குக்கு மேல் ஏறி மீண்டும் இறங்கப் பார்த்தது என்றால், பழைய விண்ணப்பதாரர் சொன்னதைக் கேட்டுக் காகிதம் திரட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரகம் வெளியிட்டிருக்கும் அளவே செல்லுபடியாகும் அளவு.

இந்நிபந்தனையின் விசித்திரம் வேறோரிடத்தில் உள்ளது. காப்பீடு கட்டாயம் என்பது ஓ-ஏ விசாவுக்கே பொருந்தியது. அதே வயதில், அதே ஊரில், அதே நோய்களோடு, ஓ விசாவின் நீட்டிப்பில் வாழும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பொருந்தவில்லை. எனவே ஓ-ஏ விசாவில் இருந்த பலர் நாட்டை விட்டு வெளியேறி, ஓ விசாவோடு மீண்டும் நுழைந்து, அந்த நிபந்தனையிலிருந்து விடுபட்டனர். சட்டப்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அவர்கள் தப்பியது விதியிலிருந்து மட்டுமே. காப்பீடு வாங்க முடியாத காரணத்தால் விசா வகையை மாற்றிக்கொண்டவர், காப்பீடு மிகுதியாகத் தேவைப்படும் நிலையில் இருப்பவர் என்பதே இதிலுள்ள கசப்பு.

எதிர்முனையில் இன்னொரு கூட்டமும் உண்டு. விசா அலுவலரின் கண்ணுக்கு மட்டுமே பாலிசி வாங்குவோர். முதல் பெருந்தொகையை நோயாளியே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பாலிசிகளுக்குப் பிரீமியம் குறைவு. நோயாளி ஏற்கும் இத்தொகையைக் காப்பீட்டுத் துறையில் 'டிடக்டிபிள்' என்பர். சான்றிதழில் நான்கு லட்சம் என்ற எண் பொறித்திருந்தாலும், அதில் பெரும்பகுதியைத் தாமே கட்டியபிறகுதான் நிறுவனம் கை நீட்டும் என்றால், அந்தப் பாலிசி விசாவுக்குப் போதுமானது, நோய்க்குப் போதாதது. முழு நான்கு லட்சமே கிடைத்தாலும், பாங்காக்கின் முதல்தரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஓர் இதய அறுவைக்கு அது நிற்காது. அரசு நிர்ணயித்த குறைந்த அளவைத் தமக்குத் தேவையான அளவு என்று கருதிக்கொள்வது, இத்துறையில் நிகழும் பிழைகளுள் மிகவும் விலை உயர்ந்தது.

பாலிசியின் உள்ளே

காப்பீட்டு ஒப்பந்தத்தில் முதியவர் ஊன்றிப் படிக்கவேண்டிய இடங்கள் பிரீமியமும் தொகையும் அச்சான முதல் பக்கத்தில் இருப்பதில்லை. முதலாவது 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற விலக்கு. பாலிசி தொடங்குவதற்கு முன்பே கண்டறியப்பட்ட, அல்லது அறிகுறி தோன்றிய நோய்க்கும், அதன் விளைவாக வரும் நோய்க்கும் நிறுவனம் பணம் தராது என்பது இதன் பொருள். அறுபது வயதுக்காரருக்கு இரத்த அழுத்தம் விலக்கப்படுமானால், அதன் வழியே வரக்கூடிய பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் விலக்குக்குள் இழுத்துச் செல்லப்படலாம். வெளியே ஒரு வரி, உள்ளே பாதி உடம்பு. இதற்கு அஞ்சி நோயை மறைத்து விண்ணப்பிப்பது இன்னும் பெரிய தீங்கு. பெருந்தொகைக்குக் கிளைம் வரும்போதுதான் நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்கும், மறைப்பு தெரிந்தால் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கிவிடும்.

இரண்டாவது காத்திருப்புக் காலம். தாய்லாந்துப் பாலிசிகளில் பொதுவாக முதல் 30 நாள் எந்த நோய்க்கும் பணம் கிடையாது. கட்டிகள், புற்றுநோய், மூலம், குடலிறக்கம், கண்புரை, கல்லடைப்பு போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். விமானம் ஏறும் வாரத்தில் பாலிசி எடுப்பவர், முதல் மாதத்தை எந்த நோய்க்கும் காப்பீடின்றியும், முதல் நான்கு மாதத்தை இந்நோய்களுக்குக் காப்பீடின்றியும் கழிக்கிறார் என்பது இதன் பொருள். மூன்றாவது, புதிதாகச் சேர்வதற்கான வயது வரம்பும், புதுப்பிப்பதற்கான வயது வரம்பும். சேர்க்கை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினும், பெரும்பாலும் 65-க்கும் 75-க்கும் இடையே முடிந்துவிடுகிறது. அதன்பின் வாங்குவதற்குப் பொருள் இல்லை, ஏற்கெனவே வாங்கியதைக் காப்பாற்றிக்கொள்வது மட்டுமே உண்டு. ஆகவே வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கும் உறுதி பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி, பிரீமியம் எவ்வளவு என்ற கேள்விக்கு முந்தியது.

இடம் மாறுவதும் நிறுவனம் மாறுவதும் இந்த விலக்குகளைப் பெருக்குகின்றன. வடக்கே சியாங் மாய் நகரில் ஓய்வு பெற்றோர் மிகுதியாக வாழ்கின்றனர். மலைக்குளிர்ச்சியும் குறைந்த வாடகையும் அவர்களை இழுக்கின்றன. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் கழிவும் காடும் எரியும் புகை அப்பள்ளத்தாக்கில் தேங்கி, அந்நகரின் காற்று உலகின் மிக மோசமான காற்றுள்ள நகரங்களின் வரிசையில் இடம்பெறும் நாட்கள் உண்டு. அங்கு மூன்று பருவம் வாழ்ந்து மூச்சிரைப்புக்கு ஆளான ஒருவர், பிரீமியம் குறைவு என்று வேறொரு நிறுவனத்துக்கு மாறினால், தாய்லாந்து தந்த அந்நோய் புதிய பாலிசியில் 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகிவிடும். இரு சக்கர வாகனமும் இவ்வாறே. கார் ஓட்டும் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாடகை பைக்கில் சென்று விழுந்தவருக்கு, உரிமமின்றி ஓட்டினார் என்ற ஒரே காரணத்தால் பணம் மறுக்கப்படுவது ஒப்பந்த விதிக்கு உட்பட்டதே.

அண்மையில் மற்றொரு மாற்றமும் வந்துள்ளது. 2025 மார்ச் 20 முதல் அந்நாட்டின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் புதிய மருத்துவப் பாலிசிகளில், எளிய நோய்களுக்கு அடிக்கடி மருத்துவமனையில் சேர்ந்து பிரீமியத்தைப் போல் பன்மடங்கு கிளைம் பெறுபவர், மறு ஆண்டில் ஒவ்வொரு கட்டணத்திலும் 30 விழுக்காடும், சில நேர்வுகளில் 50 விழுக்காடும் தாமே ஏற்கும்படி நேரலாம். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரண்டு நாள் படுக்கையில் சேர்ந்துகொள்ளும் வழக்கத்தை இது குறிவைக்கிறது.

காப்பீட்டை நிறுவனங்கள் மறுத்துவிட்ட முதியவருக்கு அரசு வேறு வழிகளையும் வைத்திருக்கிறது. அவையெல்லாம் பணம் படைத்தோருக்கானவை. ஓ-ஏ விண்ணப்பதாரர் மறுப்புக் கடிதத்தைக் காட்டி, அதே அளவு தொகையை வைப்பாகவோ பத்திரமாகவோ காட்டலாம். 2022 செப்டம்பர் 1-இல் தொடங்கிய பத்தாண்டு எல்டிஆர் (நீண்டகாலக் குடியிருப்பு) விசாவில், ஓய்வூதியர் பிரிவுக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம், அல்லது 40,000 டாலர் வருமானத்தோடு தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடு கேட்கப்படுகிறது. காப்பீடு 50,000 டாலர் அளவுக்கு இருக்கவேண்டும், இல்லையேல் வங்கியில் 1,00,000 டாலர் வைத்திருக்க வேண்டும். கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் சலுகை விசா மற்றொன்று. அது காப்பீட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. பணம் கூடக்கூடக் கேள்விகள் குறைவது எல்லா நாட்டுக் குடிவரவுச் சட்டங்களுக்கும் பொதுவான குணம்.

விட்டு வந்த நாடு

சொந்த நாட்டின் மருத்துவ உரிமை எல்லை தாண்டி வருவதில்லை என்பது, புறப்படும்போது தெரிந்தும் தெரியாததுபோல் விடப்படும் உண்மை. அமெரிக்காவின் 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பணம் தராது. பயன்படாத அதன் 'பி' பகுதிக்கு மாதப் பிரீமியம் கட்டாமல் விட்டால், பின்னாளில் திரும்பிவந்து சேரும்போது, விட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து விழுக்காடு வீதம் பிரீமியம் உயர்ந்து, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அப்படியே நிற்கும். பிரிட்டனில் மருத்துவ உரிமை குடியிருப்பைச் சார்ந்தது. நிலையாக வெளியேறியவர் திரும்பிவந்து மருத்துவமனைச் சிகிச்சை கேட்டால் கட்டணம் கேட்கப்படலாம். போதாக்குறைக்கு, பிரிட்டன் அரசு ஓய்வூதியம் தாய்லாந்தில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் வாழ்வோருக்கும் அவ்வாறே உறைந்த ஓய்வூதியம்தான். பிரீமியம் ஏறும் வேகத்தையும் ஓய்வூதியம் நிற்கும் நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 65-இல் சரியாக இருந்த கணக்கு 80-இல் ஏன் கிழிகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஸ்பெயினோடு ஒப்பிட்டால் தாய்லாந்தின் தனித்தன்மை இன்னும் தெளிவாகும். வேலை செய்யாமல் வாழ வருவோருக்கு ஸ்பெயின் தரும் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ வருமானமும், நோயாளி பங்குத்தொகை எதுவும் ஏற்காத முழுமையான காப்பீடும் வேண்டும். நிபந்தனை தாய்லாந்தைவிடக் கடுமையானதாகத் தோன்றும். ஆனால் அங்கு ஓராண்டு பதிவுபெற்று வாழ்ந்தபின், 'கொன்வேனியோ எஸ்பெசியால்' என்னும் சிறப்பு ஒப்பந்தத்தின் வழியாக, 65 வயதுக்குட்பட்டவர் மாதம் 60 யூரோவும் அதற்கு மேற்பட்டவர் 157 யூரோவும் செலுத்திப் பொது மருத்துவ ஏற்பாட்டில் சேரலாம். முன்னிருந்த நோயைக் காட்டி அது யாரையும் விலக்குவதில்லை. ஸ்பெயினில் தனியார் காப்பீடு என்பது அக்கரை சேரும்வரை வேண்டிய ஓடம். தாய்லாந்தில் அக்கரை என்று ஒன்று இல்லை. ஓடத்திலேயே வாழ்நாள் கழியவேண்டும்.

தம்பதியராக வருவோர் கருதவேண்டிய செய்தி ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கணவரின் ஓய்வு நீட்டிப்பைச் சார்ந்து, அவரைச் சார்ந்தவர் என்ற நிலையில் மனைவி தங்கலாம். அவருக்குத் தனியாக எட்டு லட்சம் தேவையில்லை. கணவர் இறந்தால் அவரைச் சார்ந்த அந்த இசைவும் அடிப்படையை இழக்கிறது. இறந்தவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கோ, வாரிசு யார் என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை முடக்கப்படும். துக்கத்தின் முதல் வாரங்களிலேயே தம் பெயரில் எட்டு லட்சத்தைத் திரட்டிப் புதிய இசைவு கேட்கவேண்டிய நிலை மனைவிக்கு வருகிறது. இருவரும் தனித்தனிக் கணக்கும் தனித்தனி நீட்டிப்பும் வைத்துக்கொள்வதும், தாய்லாந்திலுள்ள சொத்துக்கு அந்நாட்டிலேயே உயில் எழுதி வைப்பதும் செலவான ஏற்பாடுகளாயினும் இதற்கு மாற்று இல்லை.

வரியும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. ஓராண்டில் 180 நாள் அல்லது அதற்கு மேல் தங்குபவர் வரி நோக்கில் அந்நாட்டில் வாழ்பவர் ஆகிறார். 2024 ஜனவரி 1 முதல், அவர் வெளிநாட்டில் ஈட்டி நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானம் எந்த ஆண்டில் வந்தாலும் வரிக்கு உட்பட்டது. அதற்கு முன் சேமித்த பணத்துக்கு இது பொருந்தாது. இரு நாடுகளுக்கிடையிலான இரட்டை வரி ஒப்பந்தமும் சிலருக்குக் கைகொடுக்கும்.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கும் இக்கணக்கில் சில தனிக் கூறுகள் உண்டு. வைப்புத்தொகையை அனுப்புவது சிக்கலன்று. இந்தியாவில் வாழ்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி இசைகிறது, எட்டு லட்சம் பாட் அதில் சிறு பங்கே. ஆனால் நிலையாகக் குடிபெயர்ந்தபின் அவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுவதால், சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ்வோருக்குரிய என்ஆர்ஓ கணக்காக மாற்றி, அதிலிருந்து அனுப்பும் பணத்துக்குரிய வேறு விதிகளைப் பின்பற்ற வேண்டும். அரசு ஓய்வூதியர் நவம்பர் மாதத்தில் தரவேண்டிய வாழ்நாள் சான்றை இந்தியத் தூதரகத்தின் வழியாகவும் தரலாம்.

மெடிக்ளெய்ம் பாலிசியைப் பற்றித்தான் பலர் தவறான முடிவெடுக்கின்றனர். இந்திய மருத்துவப் பாலிசிகளுள் பெரும்பாலானவை இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. எனவே வெளிநாடு செல்பவர் வீண்செலவு என்று அதை நிறுத்திவிடத் துடிப்பது இயல்பு. அவ்வாறு நிறுத்தினால், பல ஆண்டு பிரீமியம் கட்டிக் கடந்துவந்த காத்திருப்புக் காலமெல்லாம் வீணாகிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்றாண்டு. ஐந்தாண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் கிளைமை, மோசடி நிறுவப்பட்டாலன்றி, நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. புதிதாகச் சேர்வதற்கிருந்த 65 வயது வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது எனினும், எழுபத்தைந்து வயதில் இரண்டு நோய்களோடு வந்து நிற்பவருக்கு எந்த விலையில் பாலிசி கிடைக்கும் என்பதை அவ்விதிகள் சொல்லவில்லை. தாய்லாந்தில் பாலிசி மறுக்கப்படும் நாளில் திரும்பி வருவதற்கு இருக்கும் ஒரே மருத்துவ உரிமையை, போகும்போதே எரித்துவிட்டுப் போவது விவேகமாகாது.

ஏற்பாடுகளின் வரிசை, ஆகவே, வழக்கமாகச் சொல்லப்படுவதற்குத் தலைகீழாக இருக்கவேண்டும். புறப்பட எண்ணும் நாளுக்கு ஓரிரு ஆண்டு முன்பே, முழு மருத்துவ வரலாற்றையும் மறைக்காமல் எழுதிக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்து, எந்தெந்த நோய் விலக்கப்படுகிறது என்பதை எழுத்தில் பெற்று, விலக்கப்பட்டவற்றுக்காகத் தனியே ஒரு தொகையை விசா வைப்புடன் கலக்காமல் ஒதுக்கி, அதன்பிறகும் கணக்கு நின்றால் மட்டுமே விசாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். விசாவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஓராண்டு நீட்டிப்புக்குக் குடிவரவு அலுவலகம் வாங்கும் கட்டணம் 1,900 பாட். ஐம்பது வயதுக்காரருக்கும் அதே கட்டணம், தொண்ணூறு வயதுக்காரருக்கும் அதே கட்டணம்.